மஞ்சளைப் பார்த்து வாங்காதீர்கள்

மே மாதம் பிறந்துவிட்டால் தள்ளுவண்டிகளில் மஞ்சள் மஞ்சளாக அடுக்கியிருக்கும் மாம்பழம் கண்ணைப் பறிக்கும். அதை விட்டுவிட்டு வண்டிக்காரரிடம், "காயா இருக்காண்ணே?" என்று கேளுங்கள். மாம்பழத்தைப் பழமாக வாங்குவதைவிட, நன்றாக விளைந்த காயாக வாங்கி வீட்டில் பழுக்கப்போட்டுச் சாப்பிடுவதே மேல். ருசிக்கும் சரி, உடம்புக்கும் சரி.

மரத்தை விட்டு இறங்கிய பிறகும் மாங்காய் பழுக்கும். காய்க்குள்ளேயே எத்திலீன் வாயு சுரந்து வேலையைத் தொடங்கிவைக்கிறது. மாவுச்சத்து சர்க்கரையாகும், புளிப்பு இறங்கும், சதை இளகும், மணம் ஏறும். ஆனால் அந்த மாவுச்சத்து மரத்தில் இருக்கும்போதே சேர்ந்திருக்க வேண்டும். முற்றாத இளங்காயை எதில் பொதிந்து வைத்தாலும் தோல் சுருங்கி வெம்பிப்போகுமே தவிர, இனிக்காது. சீசன் தொடக்கத்தில் நல்ல விலைக்கு ஆசைப்பட்டு அவசரமாகப் பறித்த காய்கள் நிறைய வரும். அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

விளைச்சலைக் காம்புப் பக்கத்தில் பார்க்கலாம். இளங்காயில் காம்பிலிருந்து இரண்டு பக்கமும் சரிவாக இறங்கும். முற்றிய காயில் அந்த இரண்டு பக்கமும் தோள்போல் புடைத்து எழும்பி, காம்பு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கும். தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும், மேலே லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம் இருக்கும். சந்தேகமாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். விளைந்த காய் மூழ்கும். மிதப்பதை ஊறுகாய்க்கோ பச்சடிக்கோ ஒதுக்கிவிடலாம்.

நிறத்தை நம்பினால் ஏமாற்றம்தான். செந்தூரா காயிலேயே சிவந்திருக்கும். மல்கோவாவும் இமாம் பசந்தும் உள்ளே தேனாக இனிக்கும்போதும் மேலே பச்சை மாறாமல் இருக்கும். பழுத்தால் பளிச்சென்று மஞ்சளாவது பங்கனப்பள்ளி. ஆந்திராவில் அதே பெயருள்ள ஊரின் ரகம் இது, 2017-இல் புவிசார் குறியீடு பெற்றது. மாம்பழம் என்றாலே மஞ்சள் என்ற எண்ணம் இதனால்தான் நம் மனத்தில் ஊறியதோ என்னவோ.

அந்த எண்ணத்தை வைத்துத்தான் கார்பைடு கல் வியாபாரம் நடக்கிறது. கல்லில் ஈரம் பட்டதும் அசிட்டிலீன் வாயு வரும், அதில் தோல் மஞ்சளாகும். அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருப்பதால் பழம் பழுக்கவைக்க அதைப் பயன்படுத்துவதற்கு நம் நாட்டில் சட்டப்படி தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு மட்டும் 100 பிபிஎம் அளவு வரை அனுமதி உண்டு. முறையாக எத்திலீன் அறையில் பழுத்ததும் ஒரே சீராகத்தான் மஞ்சளாகும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து இது கல் வைத்தது, இது வைக்காதது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. காயாக வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வீட்டில் பழுக்கவைப்பது பெரிய வேலை இல்லை. காம்பில் வடியும் பால் தோலில் பட்டால் அந்த இடம் கருகும். அதனால் முதலில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். அட்டைப்பெட்டியில் வைக்கோலோ பழைய செய்தித்தாளோ பரப்பி, ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கி, மேலே லேசாக மூடுங்கள். அவசரமென்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடவே வையுங்கள், அதிலிருந்து வரும் எத்திலீனும் சேர்ந்துகொள்ளும். அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். வாயு வெளியேறாமல் தங்குவதால் சீக்கிரம் பழுக்கும். ஆனால் உள்ளே இருப்பதை மறந்தால் அரிசியும் வீணாகிவிடும்.

இடமும் முக்கியம். மாடியில் கொதிக்கும் அறையில் வைத்தால் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே குழைந்துவிடும். வீட்டிலேயே குளுமையான மூலை எதுவோ அங்கே வையுங்கள். காயை ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் தோல் கறுத்துப்போகும், பிறகு வெளியே எடுத்து வைத்தாலும் சரியாகப் பழுக்காது. பழுத்த பிறகு ஓரிரு நாள் வைக்கலாம்.

தினமும் ஒரு தடவை திறந்து பாருங்கள். அழுகலை உடனே எடுத்துவிட வேண்டும். விளைச்சலையும் வெயிலையும் பொறுத்து நான்கு நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும். நடுவில் அமுக்கிப் பார்த்தால் பழம் கன்றிப்போகும். காம்படியில் கட்டைவிரலால் மெதுவாகத் தொட்டு, அங்கேயே முகர்ந்து பாருங்கள். மல்கோவா பழுத்திருந்தால் பெட்டியைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

கடைசியாக ஜூன், ஜூலையில் நீலம் வரும். சிறிய பழம், விலையும் மலிவு, மணத்துக்குக் குறைவில்லை. ஒரு தொல்லை, கொட்டைக்குள் வண்டு. பிஞ்சின் தோலில் இட்ட முட்டையிலிருந்து வந்த புழு கொட்டைக்குள் போய் வளர்ந்திருக்கும், வெளியே ஓட்டை எதுவும் தெரியாது. எவ்வளவு பார்த்துப் பொறுக்கினாலும் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நீலத்தை அப்படியே கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள்.