பெட்டிப் பயிர் மஞ்சளாகும்போது முதலில் வேரைப் பாருங்கள்

திகனைக்கு அருகே ஒரு வீட்டு முற்றத்தில் மூன்று ரெஜிபோம் பெட்டிகளைச் சுற்றி ஒரு குடும்பமே நின்றுகொண்டிருந்தது. மீன் ஏற்றிவரும் அதே வெள்ளைப் பெட்டிகள்தாம். உட்புறம் கறுப்புப் பொலித்தீன் விரித்து, மூடியில் துளையிட்டு, துளைகளில் யோகட் கோப்பைகளைப் பொருத்தி, அல்பேர்ட் கரைசல் நிரப்பிச் சலாது நட்டிருந்தார்கள். நட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. இலைகள் வெளிறி, நடுப்பகல் வெயிலில் துவண்டு கிடந்தன.

"மண்ணுல பயிர் வெளிறினா ஒரு பிடி யூரியா போடுவோம் பாதர், நாலு நாள்ல பச்சை புடிச்சிரும். இதுலயும் அதத்தான் செஞ்சோம். இன்னும் மோசமாப் போச்சு" என்றார் அந்த வீட்டுத் தாய். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையில் கண்டி மாவட்டத்தின் மலைச் சரிவுகள் பல இடங்களில் இடிந்து விழுந்தன. அதில் தோட்டத்தை இழந்து, உறவினர் வளவில் ஒதுங்கியிருக்கும் குடும்பம் அது. கையிலிருந்த கொஞ்சப் பணத்தில்தான் உரப் பைக்கற்றும் விதையும் வாங்கியிருந்தார்கள். பயிர் செத்தால் அந்தப் பணமும் போய்விடும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. நாற்பது வருடம் பயிர் செய்த கை, தனக்குப் பயிர் செய்யத் தெரியாது என்று நினைக்கத் தொடங்கிவிடும்.

ஒன்றை முதலிலேயே நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டிப் பயிர் காணிக்கு ஈடாகாது. இழந்த காணிக்குப் பதிலாக யாராவது நான்கு பெட்டிகளைத் தந்துவிட்டு, விடயம் முடிந்தது என்று சொன்னால் அதை ஏற்காதீர்கள். ஆனால் காணிப் பிரச்சினை தீரும்வரை முற்றத்திலோ மதிலோரத்திலோ ஒரு வீட்டுக்குத் தேவையான கீரையையும் சலாதையும் இந்தப் பெட்டிகளில் எடுக்க முடியும். மண்ணில்லாப் பயிர்ச்செய்கை பணக்காரர்களின் கண்ணாடி வீட்டுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1940களிலேயே வங்காளத்தின் கலிம்பொங் மலைப்பகுதியில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் சரளைக்கல்லையும் எளிய தொட்டிகளையும் கொண்டு, சாதாரண மக்கள் செய்யக்கூடிய முறை ஒன்றை உருவாக்கிக் காட்டினார். நம் பெட்டிகள் அதைவிடவும் எளியவை. பம்பும் இல்லை, மின்சாரமும் இல்லை.

திகனையில் கண்டதையே அதன்பின் வேறு பல வீடுகளிலும் கண்டோம். அநேகமாக எங்கும் பயிரைக் கெடுத்தது நோயன்று. மண்ணில் நன்மை செய்த பழக்கங்களே பெட்டியில் தீமை செய்தன. மண் பொறுமையானது. உரம் கூடினால் பிடித்து வைத்துக்கொள்ளும், குறைந்தால் சேமிப்பிலிருந்து கொடுக்கும், புளிப்பையும் காரத்தையும் ஓரளவு தானே சமப்படுத்தும். பெட்டியில் அந்தக் களஞ்சியம் கிடையாது. நீங்கள் ஊற்றியது எதுவோ அதுதான் வேருக்கு நேரே போய்ச் சேரும். ஆகவே பயிர் சோர்ந்தால் உரப் பைக்கற்றை எடுக்க வேண்டாம். மூடியை மெதுவாகத் தூக்கி வேரைப் பாருங்கள்.

தண்ணீர் நிறைய இருந்தும் வாடும் பயிர்

நல்ல வேர் வெண்மையாக, தொட்டால் உறுதியாக இருக்கும். அதற்கு மணமே இராது. திகனைப் பெட்டியில் நாம் கண்டவை கபில நிறமான, வழுவழுத்த வேர்கள். இரண்டு விரலால் பிடித்து இழுத்தபோது மேல்தோல் உறைபோல் கழன்று நூல் மாத்திரம் எஞ்சியது. சேற்று நாற்றமும் இருந்தது. இது வேரழுகல். வேர் அழுகிய செடி நீருக்குள் நின்றபடியே தாகத்தால் வாடும். (சில வேளைகளில் உரக் கரைசலின் நிறம் ஏறி வேர் இலேசாகப் பழுப்பாகத் தெரியும். வேர் உறுதியாகவும் நாற்றமின்றியும் இருந்தால் பயப்பட வேண்டாம்.)

ஏன் அழுகியது? அந்த வீட்டுப் பெரியவர் தினமும் காலையில் பெட்டியைப் பார்த்து, நீர் இறங்கியிருந்தால் மூடி முட்ட நிரப்பிவந்தார். வயலில் நீர் வற்றவிடாத நல்ல விவசாயியின் பழக்கம் அது. ஆனால் இந்தப் பெட்டியின் சூட்சுமமே நீர் இறங்குவதில்தான் இருக்கிறது.

வேருக்கு உணவைப் போலவே ஒட்சிசனும் வேண்டும். மண்ணில் அது துகள்களுக்கு இடையிலுள்ள வெளிகளால் கிடைக்கிறது. பெரிய பண்ணைகளில் பம்பு மூலம் காற்றை ஊதுகிறார்கள். பம்பு இல்லாத நம் பெட்டியில் காற்று எங்கிருந்து வரும்? ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் பேர்னார்ட் கிரட்கி இந்த முறையைப் பல வருடங்கள் ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்குகிறது. மேலே வெறுமையாகும் இடத்தில் ஈரக்காற்று தங்குகிறது. அந்த இடத்தில் தொங்கும் வேர்கள் நுண்ணிய மயிர்போன்ற கிளைகளை விட்டுக் காற்றை உறிஞ்சும் வேர்களாக மாறுகின்றன. கீழே நீரில் கிடக்கும் வேர்கள் குடிக்கின்றன, மேலே தொங்குபவை சுவாசிக்கின்றன. நீங்கள் மறுபடியும் மூடி முட்ட நிரப்பினால் சுவாசிக்கும் வேர்கள் மூழ்கிவிடும். நன்றாக வளர்ந்த செடியும் இரண்டொரு நாளில் துவளத் தொடங்கும்.

எனவே நடும் நாளில் கோப்பையின் அடி கரைசலில் இலேசாக நனைந்தால் போதும். வேர் நீண்டபின் மட்டம் இறங்க விடுங்கள். மிகவும் குறைந்தால் மட்டும் ஊற்றுங்கள், அப்போதும் பெட்டியின் பாதிக்கு மேல் ஏறவிடாதீர்கள். மழையும் இதே தீங்கைச் செய்யும். கண்டியில் இரண்டு பருவக்காற்றும் மழை தரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. திறந்த முற்றத்தில் ஒரு இரவு மழை பெட்டியை நிரப்பி, கரைசலையும் நீர்த்துப்போகச் செய்துவிடும். மேலே ஒளி புகும் பொலித்தீன் கூரை ஒன்று கட்டாயம் வேண்டும்.

சூடும் காற்றைக் குறைக்கும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 30 பாகையில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். அழுகலை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கோ சூடான நீர்தான் கொண்டாட்டம். கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருந்தாலும், சீமெந்துத் தரையில் பின்னேர வெயில் படும்படி வைத்த பெட்டி நன்றாகச் சூடேறும். இரண்டு செங்கல் வைத்துப் பெட்டியை உயர்த்துங்கள். காலை வெயில் ஐந்தாறு மணித்தியாலம் படட்டும், பின்னேர வெயிலுக்கு ஒரு மறைப்பு இருக்கட்டும்.

மஞ்சளிலும் வகை உண்டு

வேர் வெண்மையாக இருந்தும் இலை மஞ்சளானால், எந்த இலை என்று பாருங்கள். நைதரசன் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடியிலைகள் முழுவதுமாக வெளிறும். மக்னீசியம் குறைந்தாலும் அடியிலைதான், ஆனால் நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். இரும்பு அப்படி இடம் மாறாது. எனவே இரும்பு போதாதபோது குருத்திலைதான் வெளிறும், அதன் நரம்புகள் பச்சைக் கோடுகளாகத் தெரியும்.

திகனைப் பெட்டிகளில் ஒன்றில் இந்த மூன்றாவது அடையாளமே இருந்தது. பைக்கற்றில் இரும்பு இல்லாமலில்லை. பிரச்சினை கிணற்று நீரில். திகனைப் பக்கத்து நிலத்தடியில் சுண்ணக்கல் இனத்தைச் சேர்ந்த பளிங்குப் பாறைகள் ஓடுகின்றன. அங்கே தொலமைற்று வெட்டியெடுக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய பாறையில் ஊறிய நீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளை படியும், சவர்க்காரம் நுரைக்காது. அது கரைசலைக் காரப் பக்கம் இழுத்துவிடும். பி.எச். அளவு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் செடி எல்லா ஊட்டத்தையும் எடுக்கும். 7ஐத் தாண்டினால் இரும்பு கரைசலில் இருந்தும் வேருக்குக் கிட்டாது. சோறு மேசையில் இருக்கிறது, கைதான் எட்டவில்லை. இந்த நிலையில் இன்னும் உரம் போடுவது வீண் செலவு.

இதற்கு மலிவான வழி மழைநீர். மழை தொடங்கிய முதல் சில நிமிட நீரைக் கூரையைக் கழுவி ஓடவிட்டு, பின்னர் வருவதைப் பிடியுங்கள். கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். தேசிக்காய்ப் புளி விட்டுச் சரிசெய்வோரும் உண்டு. அது பி.எச். அளவைக் குறைக்கும், ஆனால் நுண்ணுயிர்கள் அந்தப் புளியைத் தின்றுவிடுவதால் சில நாளில் பழைய நிலை திரும்பும். பி.எச். காட்டித்தாள் ஒரு கட்டு வாங்கி நான்கைந்து வீடுகள் பகிர்ந்துகொள்வது நல்லது. குழாய் நீர் எடுப்போர் குளோரீன் வாசம் போக ஒரு இரவு திறந்த வாளியில் வைத்தால் போதும்.

யூரியாவின் கதைக்கு வருவோம். மண்ணில் இட்ட யூரியாவைச் செடி பெரும்பாலும் அப்படியே உண்பதில்லை. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதை அமோனியமாகவும் பின்பு நைத்திரேற்றாகவும் மாற்றிக் கொடுக்கின்றன. புதிய பெட்டியில் அந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவில் இல்லை. யூரியா தேங்கி, அமோனியாவாகி, கரைசலை மேலும் காரமாக்கி, வேரைச் சுடும். சாணக் கரைசலும் கொம்போஸ்ட் சாறும் இதே போன்றவைதான். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வருட நவம்பரில் அத்தடை நீங்கும்வரை உரம் கிடைக்காமல் விவசாயிகள் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்தப் பயத்தில் சாணத்தைப் பெட்டியில் கரைக்கத் தோன்றுவது இயல்பே. சாணம் மண்ணுக்குப் பொன். அசையாத நீரிலோ அது அழுகி, வேருக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே எடுத்துக்கொள்ளும். சாணத்தை அருகிலே ஒரு உரப்பையில் மண்ணோடு கலந்து வெண்டியோ கத்தரியோ நடுங்கள், பெட்டியில் வேண்டாம்.

கூடுதல் உரமும் ஒரு நோய்தான். வெயில் நாட்களில் செடி உப்பைவிட நீரையே அதிகம் குடிக்கும், மீதமான கரைசல் தடிக்கும். அதன்மேல் மறுபடியும் முழுப் பலமான கரைசலை ஊற்றினால் இலை ஓரங்கள் கருகும், செடி கரும்பச்சையாகிக் குறண்டி நிற்கும். அப்போது வெறும் நீரையே ஊற்ற வேண்டும். பைக்கற்றில் அச்சிட்ட அளவுக்கு மேல் ஒரு கரண்டிகூடப் போடாதீர்கள். இரண்டு பைக்கற்றாக வரும் உரமென்றால் இரண்டையும் தனித்தனி வாளியில் கரைத்து, நிறைய நீரில் பிறகு சேருங்கள். கல்சியம் நைத்திரேற்று, சல்பேற்றும் பொசுபேற்றும் உள்ள உப்புகளைச் செறிவாகச் சந்தித்தால் வெள்ளை மண்டியாக அடியில் படியும். அந்த மண்டி செடிக்கு உதவாது.

சலாதின் இளம் இலை நுனிமட்டும் கருகுவது வேறு விடயம். இது கல்சியம் குருத்துவரை போய்ச் சேராததன் அடையாளம். காற்றோட்டமில்லாத, ஈரம் தேங்கிய மூலையில் இது அதிகம். பெட்டியைக் காற்றுள்ள இடத்துக்கு மாற்றினாலே புதிய இலை பெரும்பாலும் நன்றாக வரும்.

மற்றவை

கரைசல் பச்சையாகிப் பாசி பிடித்தால் எங்கோ வெளிச்சம் புகுகிறது. கறுப்புப் பொலித்தீனையும் துளையோரங்களையும் பாருங்கள். கோப்பையில் இடும் தும்புத்தூளைப் பலமுறை கழுவிப் பிழிந்தே பயன்படுத்துங்கள், கழுவாத தூளிலுள்ள உப்பு இளநாற்றைச் சுடும். மிளகாய் இலை சுருண்டால் உரத்தைக் குறை சொல்லுமுன் இலையைத் திருப்பிப் பனிப்பூச்சியோ சிற்றுண்ணியோ வெண்ஈயோ இருக்கிறதா எனத் தேடுங்கள்.

தக்காளி பச்சையாக இருந்தபடியே திடீரென வாடினால் தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளை தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிலிருந்து பால்போன்ற நூல் இறங்கினால் அது பற்றீரியா வாடல். மருந்தில்லை. செடியை எரித்து, கரைசலைப் பயிர் நிலத்திலிருந்து தூரத்தில் கொட்டி, பெட்டியைக் கழுவிக் காயவையுங்கள். இந்நோய் மண்ணில் வாழ்வது. தோட்டத்து மேடையிலிருந்து பிடுங்கிய நாற்றை வேரைக் கழுவிவிட்டு நட்டாலும் கூடவே வரும். நாற்றைத் தும்புத்தூளிலேயே விதையிலிருந்து எழுப்புங்கள்.

கண்டி டெங்கு அதிகம் பதிவாகும் மாவட்டங்களில் ஒன்று. செடி இல்லாத துளை ஒன்றுகூட நுளம்புக்கு வாசல்தான், அதை அடைத்துவிடுங்கள். மழைநீர்ப் பீப்பாவுக்கும் வலை கட்டுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் காரணம் பிடிபடாவிட்டால் ஒரு முழுச் செடியை வேரோடும், ஒரு போத்தல் கரைசலையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போங்கள். வெறும் இலையைக் கொண்டுபோனால் அவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி ஆலோசனைச் சேவையையும் கேட்கலாம்.

திகனை வீட்டில் இரண்டு பெட்டிகளைக் காப்பாற்ற முடியவில்லை. வேர் முழுவதும் போயிருந்தது. அவற்றைக் கொட்டிக் கழுவி வெயிலில் கவிழ்த்தோம். மூன்றாவதில் வேரின் மேற்பகுதி இன்னும் வெண்மையாக இருந்ததால், அழுகியதைக் கத்தரித்து, மழைநீர் கலந்த புதிய கரைசலைப் பாதிப் பலத்தில் பாதிப் பெட்டிக்கு ஊற்றினோம். பத்து நாள் கழித்துப் போனபோது அந்தத் தாய் பழைய மஞ்சள் இலைகளைக் காட்டி, "இது இன்னும் அப்படியேதான் இருக்கு பாதர்" என்று கவலைப்பட்டார். கெட்ட இலை பெரும்பாலும் திரும்பப் பச்சையாவதில்லை. குருத்தை விரித்துக் காட்டினோம். பெருவிரல் நகமளவில் இரண்டு புதிய இலைகள், முழுப் பச்சையாக வந்திருந்தன.