நாமினி கட்டத்தில் யார் பெயர்?

குழந்தைகள் இல்லங்களிலிருந்து 18 வயதில் வெளியேறும் இளைஞர்களுக்குப் பணத்தையும் வேலையையும் பழக்க வருகிறார்கள் தன்னார்வலர்கள். பாடம் எளிது. கூடவே இருப்பதுதான் கஷ்டம்.

வேலையில் சேரும் முதல் நாள். மேஜை மீது நாலைந்து படிவங்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் வரை பேனா தடையில்லாமல் ஓடுகிறது. அப்புறம் மூன்று கட்டங்கள்: நிரந்தர முகவரி, அவசரத்துக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவர், நாமினி. வீட்டில் வளர்ந்த இளைஞன் அப்பா, அம்மா பெயரை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவான். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவன் அங்கேயே நிற்கிறான். இல்லத்தின் முகவரியை எழுதலாமா? அங்கிருந்துதான் வெளியேறியாகிவிட்டதே. வார்டன் பெயரை எழுதலாமா? அவர் அடுத்த வருடம் இருப்பாரா?

இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்கிறது. வங்கிக் கணக்குக்கு யாரை வேண்டுமானாலும் நாமினியாகப் போடலாம். ரத்த உறவு தேவையில்லை. வருங்கால வைப்பு நிதியில் விதி கொஞ்சம் வேறு. குடும்பம் இருப்பவர் குடும்பத்தினரைத்தான் நியமிக்க வேண்டும். குடும்பம் இல்லாதவர் தன் அறை நண்பனைக்கூட நியமிக்கலாம். ஆனால் பிறகு திருமணமானால் அந்த நியமனம் செல்லாது, புதிதாக எழுதித் தரவேண்டும். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்கில் நான்கு நாமினிகள் வரை போடலாம் என்று ஆகியிருக்கிறது. ஒரு பெயருக்கே திண்டாடுபவனுக்கு நான்கு கட்டங்கள்!

இதைப் பாடப்புத்தகம் சொல்லித்தருவதில்லை. பெற்றோர் உள்ள வீடுகளிலும் யாரும் உட்கார்ந்து சொல்லித்தருவதில்லைதான். ஆனால் அங்கே சந்தேகம் வந்தால் கேட்பதற்கு ஒரு மாமாவோ பக்கத்து வீட்டு வங்கி ஊழியரோ இருப்பார். அந்த மாமாவின் இடத்தைத்தான் தில்லியிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் சில ஆயிரம் தன்னார்வலர்கள் நிரப்பப் பார்க்கிறார்கள்.

சட்டப்படி 18 வயது நிறைந்தால் குழந்தை அல்ல. இல்லத்தில் இடமும் அத்துடன் முடிகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இவர்களை அப்படியே தெருவில் விட்டுவிடவில்லை. 18 முதல் 21 வரை 'பின்கவனிப்பு' என்று ஒரு ஏற்பாட்டைச் சொல்கிறது. 46ஆவது பிரிவின்படி வெளியேறுபவருக்கு நிதியுதவி அளிக்கலாம். கவனிக்க: 'அளிக்கலாம்'தான், 'அளிக்க வேண்டும்' அல்ல. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மாதம் 4,000 ரூபாய் என்று தொகையையும் குறித்திருக்கின்றன. பெருநகரங்களில் அந்தப் பணத்துக்கு ஒரு தனி அறைகூடக் கிடைப்பது அரிது. 2019இல் தில்லி, குஜராத், கர்நாடகம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய ஐந்து மாநிலங்களில் இப்படி வெளியேறியவர்களை உதயன் கேர் அமைப்பு ஆராய்ந்தது. பலருக்குச் சொந்த வருமானமே இல்லை என்பதும், பெண்களின் நிலை இன்னும் மோசம் என்பதும் அதில் தெரியவந்தது.

தில்லியில் 1994இல் தொடங்கப்பட்ட உதயன் கேர் ஒவ்வொரு இல்லத்துக்கும் நீண்டகாலத் தன்னார்வலர்களை 'வழிகாட்டிப் பெற்றோராக' இணைக்கும் முறையைக் கையாள்கிறது. கொச்சியில் 2006இல் கல்லூரி இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த 'மேக் எ டிஃபரன்ஸ்' இன்று பல நகரங்களில் பரவியிருக்கிறது. அதன் தொண்டர்களில் பெரும்பாலோர் இளைஞர்களே. பெங்களூரில் 2009இல் பிறந்த 'மென்டார் டுகெதர்' ஒருவருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஏழை இளைஞர்களுக்கு வழிகாட்டிகளைத் தேடித்தருகிறது. ஐ.டி. நிறுவன ஊழியர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள், ஆசிரியைகள், இல்லத்தரசிகள் என்று பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். தில்லியில் அவர்கள் 'தீதி', 'பையா'. பெங்களூரில் 'அக்கா', 'அண்ணா'.

வருபவர்களில் பலர் கூட்டு வட்டி, பரஸ்பர நிதி என்று பாடம் எடுக்கும் ஆசையோடு வருகிறார்கள். ஆனால் எதிரே இருப்பவருக்குத் தேவை வேறு. இல்லத்தில் மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் படுத்து வளர்ந்தவர் அவர். சோப்பு மாதம் ஒன்று கைக்கு வந்துவிடும். அதன் விலை தெரியாது. துவரம்பருப்பு கிலோ என்ன விலை என்பது தெரியாது. 18 வயதில் முதல் முறையாக அறை பார்க்கப் போகும்போது வாடகை மட்டுமல்ல, முன்பணம் என்று ஒன்று இருப்பதும் தெரியவருகிறது. பெங்களூரில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கம் ஊரறிந்தது. சமையல் எரிவாயு இணைப்புக்கு முகவரிச் சான்று வேண்டும். அது இல்லாதவர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிலிண்டர் வாங்கலாம் என்ற தகவல் கூட்டு வட்டியைவிட அந்த வாரத்தில் பெரிய நிதிக் கல்வி.

அடுத்த அதிர்ச்சி முதல் சம்பளம். மாதம் 14,000 என்று சொல்லி வேலைக்கு எடுத்தார்கள்; கணக்கில் விழுந்ததோ 12,695. 'முதலாளி 1,305 ரூபாயை அமுக்கிவிட்டான்' என்று கோபித்துக்கொண்டு வேலையை விட்டால் ஆச்சரியமில்லை. அனுபவமுள்ள தன்னார்வலர் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்வார். அடிப்படைச் சம்பளம் 10,000 என்றால் அதில் 12 சதவீதம், அதாவது 1,200 வைப்பு நிதிக்கு. மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், அதாவது 105 ரூபாய் இ.எஸ்.ஐ.க்கு. நிறுவனமும் தன் பங்குக்கு வைப்பு நிதிக்கும் ஓய்வூதியத்துக்குமாக 1,200, இ.எஸ்.ஐ.க்கு 455 கட்டுகிறது. பணம் எங்கும் போய்விடவில்லை.

இ.எஸ்.ஐ. அட்டை இந்த இளைஞர்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத்தர ஆளில்லாதவர்கள் இவர்கள். நோயினால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, உரிய காலம் சந்தா கட்டியிருந்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் இ.எஸ்.ஐ. தருகிறது. அட்டையை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு, தனியார் மருத்துவமனையில் கடன் வாங்கிக் கட்டுபவர்கள் உண்டு. வைப்பு நிதியிலும் இதே கதைதான். வேலை மாறும்போதெல்லாம் பணத்தை வழித்தெடுத்துவிட்டால் கையில் சில ஆயிரம் மிஞ்சும். ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டு சேவைக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து துவங்கும். நிறுவனம் மாறினாலும் வைப்பு நிதிக்கான அடையாள எண் ஒன்றுதான் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

சம்பளச் சீட்டே தராத இடங்கள்? அங்கேதான் தன்னார்வலரின் சங்கடம் ஆரம்பமாகிறது. 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாத் தொழிலாளர்களுக்கும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. சட்டத்தைக் காட்டிக் கேள் என்று தூண்டிவிடுவது சுலபம். கேட்ட மறுநாள் வேலை போனால் வாடகை கட்டப்போவது தன்னார்வலர் அல்ல. வேறு வேலை கிடைக்கும் வரை வருகைப் பதிவேட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள், சம்பளத்தை வங்கியில் போடச் சொல், ரொக்கமாக வாங்காதே என்று தாழ்ந்த குரலில் சொல்பவரே விவரமறிந்தவர்.

ஆபத்து இன்னொரு பக்கத்திலிருந்தும் வருகிறது. உறவில்லாத இளைஞர், கையில் புதிய வங்கிக் கணக்கு, புதிய செல்போன். மோசடிக் கும்பல் தேடுவதும் இப்படிப்பட்டவரைத்தான். 'உன் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை எடுத்துக் கொடு. உனக்கு இரண்டாயிரம்' என்கிறான் டீக்கடையில் பழக்கமானவன். ஏ.டி.எம். அட்டையையும் சிம் கார்டையும் வாங்கிக்கொள்கிறான். வந்தது யாரோ ஒரு முதியவரை ஏமாற்றிப் பறித்த பணம். போலீஸ் விசாரணை போய் நிற்பது கணக்குக்குச் சொந்தக்காரர் வாசலில். கணக்கு முடங்குகிறது, அதில் விழுந்த சொந்தச் சம்பளமும் சேர்ந்தே முடங்குகிறது. கணக்கை வாடகைக்கு விடுவது குற்றம் என்று ஒரு வரி, மோசடி நடந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய் என்று ஒரு வரி. இந்த இரண்டு வரியைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஆனால் டீக்கடை நண்பன் தினமும் வருகிறான், தன்னார்வலரோ மாதம் இருமுறை.

கடன் செயலிகளும் அதே ரகம். ஐயாயிரம் கடன் என்று சொல்லி, 'கட்டணம்' போக 3,800ஐக் கையில் கொடுத்து, ஏழு நாளில் ஐயாயிரம் கேட்டால் ஒரு வாரத்து வட்டியே 31 சதவீதத்துக்கு மேல். நூற்றுக்கு ஐந்து வட்டிக்காரர் இதைக் கேட்டால் மயங்கி விழுவார். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட நெறிமுறைகள், போனில் உள்ள எண்களைச் செயலிகள் தொடக்கூடாது என்றும், எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியைக் கடன் வாங்குபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும் என்றும் சொல்கின்றன. பதிவு பெறாத செயலிக்கு நெறிமுறை ஏது? மிரட்டல் செய்தி வரும்போது காட்டுவதற்கு ஓர் ஆள் இருப்பதுதான் அந்த இரவில் உதவும்.

வேலைக்குத் தயார்ப்படுத்துவது என்றால் ஆங்கிலமும் கணினியும் என்று பொதுவாக நினைக்கப்படுகிறது. இவர்களுக்கு நேர்முகத் தேர்வின் மிகக் கடினமான கேள்வி, மிகச் சாதாரணமானது: 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பா என்ன செய்கிறார்?' பொய் சொன்னால் பின்னால் மாட்டிக்கொள்ள நேரும். உண்மையைச் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் பரிதாபமோ சந்தேகமோ. இதை ஒத்திகை பார்க்கவே பல அமர்வுகள் தேவைப்படும். எவ்வளவு சொல்வது, எங்கே நிறுத்துவது, பேச்சை எப்படிப் படிப்பின் பக்கம் திருப்புவது என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் உருப்படியாக இல்லை. உடம்பு சரியில்லை என்றால் காலையிலேயே மேலாளருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதும் அப்படித்தான். மணியடித்து எழுப்பப்பட்டவருக்கு, வராததற்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதே புதிய செய்தி.

இதெல்லாம் 18க்குப் பிறகு ஆரம்பித்தால் தாமதம் என்பதற்குத் தில்லியிலேயே அத்தாட்சி இருக்கிறது. தெருச் சிறுவர்களிடையே பணியாற்றும் 'பட்டர்ஃப்ளைஸ்' அமைப்பு 2001இல் அவர்களுக்கென்றே ஒரு சேமிப்பு நிலையத்தைத் துவக்கியது. குப்பை பொறுக்கியும் டீக்கடையில் எடுபிடி வேலை செய்தும் கிடைத்த காசை அவர்கள் அங்கே போட்டுவைத்தார்கள். பாஸ்புக் உண்டு. மேலாளரும் ஒரு சிறுவர்தான், சிறுவர்களே தேர்ந்தெடுப்பார்கள். பெரியவர்கள் பக்கத்தில் இருந்து கணக்கைச் சரிபார்ப்பதோடு சரி. காசை இடுப்பில் முடிந்துகொண்டு தூங்கினால் விடிவதற்குள் யாராவது உருவிவிடுவார்கள் என்பதை அனுபவித்தவர்களுக்குச் சேமிப்பின் அவசியத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. இடம்தான் இல்லாமல் இருந்தது. 2014இல் ரிசர்வ் வங்கி, 10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தாங்களே வங்கிக் கணக்கு துவக்கி இயக்க வழிசெய்தது. பல இல்லங்களில் இன்னமும் பிள்ளைகளின் பாஸ்புக் கண்காணிப்பாளரின் இரும்புப் பெட்டியில்தான் தூங்குகிறது. பத்திரத்துக்காகத்தான். ஆனால் பத்திரமாக வைக்கப்பட்ட அந்தப் பணத்தில் ஐம்பது ரூபாயைத் தவறாகச் செலவழித்துப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதல் தவறு நேரே பத்தாயிரத்தில் நடக்கிறது.

தன்னார்வலர்களிடமும் குறை இல்லாமல் இல்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்களின் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொன்னபிறகு, ஊழியர்களை வேனில் ஏற்றி இல்லங்களுக்கு அழைத்து வருவது சகஜமாகிவிட்டது. காலையில் பட்ஜெட் போடுவது பற்றி ஒரு வகுப்பு, மதியம் பிரியாணி, மாலையில் குரூப் போட்டோ, சான்றிதழ். பிள்ளைகள் கைதட்டப் பழகிவிட்டார்கள். ஒரு வருடம் வருவதாகச் சொல்லிவிட்டு மூன்றாவது மாதம் காணாமல் போகும் வழிகாட்டி செய்யும் சேதம் இன்னும் அதிகம். ஏற்கெனவே பலர் விட்டுப்போனதைப் பார்த்தவர்களின் பட்டியலில் இன்னொரு பெயர் சேர்கிறது. பொறுப்பான அமைப்புகள் குறைந்தபட்சம் இத்தனை மாதம் என்று முன்கூட்டியே உறுதி வாங்குவது அதனால்தான். மாற்றலாகிப் போகிறவர் கடைசிச் சந்திப்பில் நேரில் வந்து விடைபெற வேண்டும் என்று வற்புறுத்துவதும் நியாயமே.

பணம் கொடுக்கலாமா என்பது இன்னொரு தீராத வழக்கு. கூடாது என்பதே பெரும்பாலான அமைப்புகளின் விதி. கொடுத்தால் வழிகாட்டி கடன்காரராகிவிடுவார். ஆனால் மாதம் 25ஆம் தேதி, சம்பளம் வர இன்னும் ஆறு நாள், அறையில் அரிசி இல்லை என்று போன் வந்தால் விதியைப் படித்துக்காட்ட முடியுமா? சிலர் பணம் அனுப்பாமல் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு காகிதத்தில் அந்த மாதச் செலவை இருவருமாக எழுதிப் பார்த்தால் தெரிகிறது: புது செல்போனுக்கு மாதத் தவணை 1,650.

மிஷன் வாத்சல்யா உதவி 21 வயதோடு நிற்கிறது. விசேஷ காரணம் இருந்தால் 23 வரை நீடிக்கலாம். தன்னார்வ அமைப்புகளின் திட்டங்களும் ஏறக்குறைய அதே வயதில் முடிகின்றன. அதற்குப் பிறகும் போன் எண்ணை மாற்றாமல் வைத்திருக்கிற வழிகாட்டிகள் உண்டு. 24 வயதில் வரும் அழைப்பு பெரும்பாலும் பணம் கேட்டு அல்ல. பெண் வீட்டார் வந்து பேச வேண்டுமாம், பையன் தரப்பில் யார் உட்காருவது?