வேரை அறுக்காமல் மண்ணைத் தோண்டும் காற்று
எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது?

ஏப்ரல், மே மாதங்களில் மாலை மழையோடு சூறைக்காற்றும் சேர்ந்து வந்துவிட்டால், மறுநாள் காலை பெங்களூரில் எந்தெந்தத் தெருவில் மரம் சாய்ந்தது என்பதே பேச்சாக இருக்கும். ஆட்டோ நசுங்கியது, மின்கம்பி அறுந்தது, சில வேளைகளில் உயிரும் போனது என்று கேள்விப்படுகிறோம். பழியைக் காற்றின் மீது போடுகிறோம். ஆனால் சாய்ந்த மரத்தின் அடியைச் சற்றே குனிந்து பார்த்தால், பல இடங்களில் வேறு கதை தெரியும். ஒரு பக்கத்து வேர்கள் முழுவதும் என்றோ பள்ளம் தோண்டியபோது வெட்டப்பட்டிருக்கும். அல்லது நடைபாதைச் சிமெண்டுக்கு அடியில் மூச்சுத் திணறி அழுகிப் போயிருக்கும்.

பெங்களூரின் மரங்கள் தாமாக முளைத்தவை அல்ல. 1908-ல் இந்நகருக்கு வந்த ஜெர்மானியத் தோட்டக்கலை நிபுணர் குரும்பீகல், ஆண்டு முழுவதும் ஏதாவதொரு தெரு பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்து நட வழிகாட்டினார். 1980-களில் வன அதிகாரி நெகின்ஹால் தலைமையில் சுமார் 15 லட்சம் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரங்களின் வேர்கள் மேலேதான் இன்று குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்கேபிள், தொலைபேசிக் கேபிள் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளம் வெட்டப்படுகிறது. அந்தப் பள்ளங்களில் கடப்பாரையும் பிக்காசும் பிடிப்பவர்களில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் ஏராளம். வேரை வெட்ட வேண்டும் என்று அவர்களுக்கு ஆசையில்லை. மண்ணுக்குள் வேர் எங்கே ஓடுகிறது என்று கடப்பாரைக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான், அழுத்திய காற்றைக் கொண்டு மண் தோண்டும் கருவி. வெளிநாடுகளில் மர வைத்தியர்கள் பல ஆண்டுகளாக இதைக் கையாண்டு வருகிறார்கள். குடியிருப்புச் சங்கங்களும் தொழிற்சாலைத் தோட்டப் பிரிவுகளும் ஒப்பந்தக்காரர்களும் இதை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ எண்ணும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறோம்.

காற்று எப்படித் தோண்டுகிறது?

கருவி என்னவோ எளியதுதான். நான்கைந்து அடி நீளக் குழாய், பிடித்தால் திறந்து விட்டால் மூடிக்கொள்ளும் ஒரு வால்வு, நுனியில் நாசில் எனப்படும் முனை. சூட்சுமம் எல்லாம் அந்த முனையில் இருக்கிறது. உள்ளே முதலில் குறுகி, பிறகு மெல்ல விரியும்படி அது கடையப்பட்டிருக்கும். ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் டி லாவல், 1880-களில் நீராவிச் சக்கரத்துக்காக அமைத்த முறை இது. சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தமுள்ள காற்று இதன் வழியே வெளிவரும்போது, நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகம் பெறுகிறது. ஒலியின் வேகமோ நொடிக்கு 340 மீட்டர்தான்.

இந்தக் காற்று மண்ணின் நுண்துளைகளில் புகுந்து விரிகிறது. மண் உள்ளிருந்தே உதிர்கிறது. வேரிலும் இரும்புக் குழாயிலும் கேபிளிலும் அப்படிக் காற்று புக இடமில்லை. அதனால் மண் மட்டும் பறந்து போக, அவை அப்படியே நிற்கின்றன. கட்டை விரல் பருமனுள்ள வேரும், பென்சில் பருமனுள்ள வேரும் கண்ணெதிரே வெளிப்படும்.

முதலில் கம்ப்ரஸர், பிறகு கருவி

வாங்குகிறவர்கள் முதலில் "எத்தனை பவுண்டு அழுத்தம்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி, "நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று?" என்பது. சி.எப்.எம். என்று கம்ப்ரஸரின் தகட்டில் எழுதியிருப்பது இதுதான்.

பஞ்சர் கடை கம்ப்ரஸரிலும் 100 பவுண்டு அழுத்தம் வரும். ஆனால் காற்றின் அளவு போதாது. இந்த அழுத்தத்தில், ஒரு குதிரைத் திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 4 கன அடி காற்று என்பது பொதுக் கணக்கு. ஐந்து குதிரைத் திறன் மோட்டார் கொடுப்பது 20 கன அடி. அதனுடன் 200 லிட்டர் தொட்டி இருக்கிறதே என்று நினைக்கலாம். நடுத்தர முனை ஒன்று 105 கன அடி கேட்கும்போது, அந்தத் தொட்டியில் சேமித்த காற்று அரை நிமிடம்கூடத் தாங்காது.

முனைகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 25, 60, 105, 150, 225 கன அடி என்ற அளவுகளில் கிடைக்கின்றன. சிறியவை தொட்டிச் செடிக்கும், மரத்தின் அடியை மட்டும் திறந்து பார்ப்பதற்கும் போதும். தெரு மரத்தடி மண்ணைத் தளர்த்த 105 அல்லது 150 ஏற்றது. 225 என்பது கெட்டிக் களிமண்ணிலும் நீளமான பள்ளத்திலும் பயன்படுவது. அதற்குப் பெரிய டீசல் கம்ப்ரஸர் வேண்டும். மண்ணையும் வெகுதூரம் வாரி இறைக்கும் என்பதால், நெருக்கமான தெருவுக்கு அது ஒத்துவராது.

கம்ப்ரஸர் தருவதைவிடப் பெரிய முனையைப் பொருத்தினால் அழுத்தம் 90 பவுண்டுக்குக் கீழே இறங்கிவிடும். காற்று வீசுமே தவிர மண் உடையாது. சிறிய முனையைப் பொருத்தினால் கேடில்லை. வேலை மெதுவாக நடக்கும். ஆகவே, கையிலிருக்கும் கம்ப்ரஸர் தருவதைவிடக் குறைவான அளவுள்ள முனையையே வாங்க வேண்டும். பெங்களூர் கடல் மட்டத்துக்குச் சுமார் 920 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே காற்று சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு மெலிந்தது. அதற்காகவும் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டுக் கணக்கிடுவது நல்லது. பாறை உடைக்கும் கம்ப்ரஸரை நாள் வாடகைக்கு எடுப்பவர்கள், டிராக்டரில் பூட்டியதானாலும் சரி, தனி டீசல் வண்டியானாலும் சரி, அதன் சி.எப்.எம். அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே முனையைத் தீர்மானிக்க வேண்டும்.

அழுத்தத்தை ஏற்றினால் வேலை வேகமாகும் என்பதும் தவறான எண்ணம். காற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது முனையின் வடிவம். அழுத்தத்தைக் கூட்டினால் காற்றுதான் அதிகம் செலவாகும், ஹோஸுக்கும் ஆபத்து.

லேத்தில் கடைந்த குழாய் போதாதா?

"ஒரு குழாயை நசுக்கி நாமே செய்து கொள்ளலாமே!" என்பார்கள் சிலர். கணக்கைப் பார்ப்போம். கால் அங்குலத் துளை ஒன்று, 90 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 100 கன அடி காற்றைக் குடிக்கும். அரை அங்குலத் துளைக்கு நான்கு மடங்கு, அதாவது 400 கன அடி. அவ்வளவு காற்று எந்த வாடகை வண்டியிலும் எளிதில் கிடைக்காது. கால் அங்குலமே வைத்தாலும், குறுகி விரியும் வடிவம் இல்லாவிட்டால், வெளிவந்த காற்று நாற்புறமும் சிதறிவிடும். முனையில் செலவு செய்யத் தயங்கினால், டீசலில் அதைவிட அதிகம் செலவாகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய மற்றவை: குழாய், மின்சாரம் பாயாத பைபர் கிளாஸால் ஆனதா? மண்ணுக்குள் மின்கேபிள் இருக்கக்கூடிய தெருக்களில் இது உயிர் காக்கும் விஷயம். கையை எடுத்தவுடன் வால்வு தானாக மூடுகிறதா? முனையைச் சுற்றித் தூசி தடுக்கும் தட்டு உண்டா? ஹோஸ் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறதா? மெல்லிய, நீளமான ஹோஸில் அழுத்தம் வழியிலேயே கரைந்துவிடும். காற்றிலுள்ள நீரையும் எண்ணெயையும் பிரிக்கும் வடிகட்டி கம்ப்ரஸரில் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துக் கொள்ளவும்.

மரத்துக்குச் செய்ய வேண்டியது

நல்ல மரத்தின் அடி, தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல் விரிந்து வேராகப் பிரியும். கம்பம் நட்டதுபோல் நேராக மண்ணுக்குள் இறங்கினால், அடி புதைந்துவிட்டது என்று பொருள். அந்த இடத்தில் மேல்மண்ணைக் காற்றால் அகற்றி விரிவை வெளிக்கொணர வேண்டும். அங்கே மரத்தையே சுற்றி நெரிக்கும் வேர் இருந்தால் அப்போது தெரியும்.

இரண்டாவது வேலை, மிதிபட்டு இறுகிய மண்ணைத் தளர்த்துவது. மரம் உண்ணவும் சுவாசிக்கவும் பயன்படும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஒன்றரை, இரண்டு அடிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே 8 முதல் 10 அங்குல ஆழம் தளர்த்தினாலே பெரும் பலன் உண்டு. தளர்த்திய மண்ணோடு மட்கிய எருவைக் கலந்து மூடி, மேலே இலைச்சருகை மூன்று அங்குலம் பரப்பலாம். சருகு அடிமரத்தைத் தொடக்கூடாது.

இரண்டு நாள் முன்பே தண்ணீர் விட வேண்டும். காய்ந்த களிமண் உடையாது, சேறு சிதறும். பிடித்தால் உருண்டு, தட்டினால் உதிரும் பதமே சரி. முனையை ஒரே இடத்தில் நிறுத்தினால் இளவேரின் பட்டை உரியும். அசைத்துக் கொண்டே இருக்க வேண்டும். வெளிப்பட்ட மெல்லிய வேர் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, அன்றே மண் தள்ளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் பருமனான வேரை விவரமறிந்தவரைக் கேட்காமல் வெட்டவே கூடாது. குழாயை அதன் அடியில் நுழைத்துக் கொண்டு போகலாம்.

சாய்ந்து நிற்கும் மரத்துக்கும், அடி உளுத்த மரத்துக்கும் இது மருந்தல்ல. அங்கே மண்ணைத் தோண்டினால் இருக்கிற பிடிப்பும் போய்விடும். உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதே முறை.

சட்டமும் உண்டு. 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரங்கள் பாதுகாப்புச் சட்டம், மரத்தை வெட்டுவதை மட்டுமல்ல, வேறு வகையில் சேதப்படுத்துவதையும் கணக்கில் கொள்கிறது. தெரு மரத்தில் கைவைக்கும் முன் மர அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியைப் பெறுவது, வேலை செய்பவருக்கும் பாதுகாப்பு. சிமெண்டுத் தளத்தைப் பற்றி டில்லியில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அங்குள்ள மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் சிமெண்டை அகற்ற உத்தரவிட்டது. சிமெண்டை அகற்றிய பிறகே காற்றுக்கருவிக்கு வேலை.

பிடிப்பவரின் உடம்பு

இந்த வேலையில் மரத்தைவிட முதலில் காக்கப்பட வேண்டியவர், கருவியைப் பிடிக்கும் தொழிலாளி. சத்தம் காதைக் கெடுக்கும். தூசி நுரையீரலைக் கெடுக்கும். தெறிக்கும் கல் கண்ணைக் குத்தும். காதுக்கு மூடி, முகத்துக்குத் தூசி முகமூடி, கண்ணாடி, முழுக்கை உடுப்பு, பூட்ஸ் ஆகியவை இல்லாமல் தொடங்கக் கூடாது. ஹோஸ் இணைப்பு கழன்றால் பாம்புபோல் சீறி அடிக்கும். ஒவ்வோர் இணைப்பிலும் பாதுகாப்புக் கம்பி கட்ட வேண்டும். வேலை முடிந்தபின் உடம்புத் தூசியை இந்தக் காற்றாலேயே ஊதிக்கொள்ளும் வழக்கம் மிகவும் அபாயகரமானது. தோலில் சிறு கீறல் இருந்தாலும் அதன் வழியே காற்று உள்ளே புகுந்து உயிரையும் பறிக்கலாம்.

இந்தப் பாதுகாப்புப் பொருள்களின் விலையையும் கருவியின் விலையோடு சேர்த்தே ஒப்பந்தக்காரர் கணக்கிட வேண்டும். "இது கொடுத்தால்தான் பிடிப்பேன்" என்று கேட்பது தொழிலாளியின் உரிமை.

எல்லா மரத்துக்கும் இயந்திரம் வேண்டும் என்பதில்லை. ஒன்றிரண்டு மரங்களுக்குத் தண்ணீர் ஊறவிட்டு, முள்கரண்டியாலும் கையாலும் பொறுமையாக மண்ணைத் தளர்த்தினாலே போதும். நீண்ட சாலையிலும் பெரிய வளாகத்திலும்தான் காற்றுக்கருவியின் செலவு கட்டுபடியாகும். எதைக் கொண்டு தோண்டினாலும், கீழே வேர் இருக்கிறது என்ற நினைவோடு தோண்டினால், அடுத்த கோடை மழையில் அந்த மரம் நிற்கும். அதன் கீழே ஒதுங்கியவரும் பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.