சத்தத்தை உறங்கவைக்கும் இலவம்பஞ்சு

கோடையில் வருசநாட்டு இலவமரங்களில் காய்கள் முற்றி வெடிக்கும். கடமலைக்குண்டு, மயிலாடும்பாறைப் பக்கத்துப் பஞ்சு போடியில் மெத்தையாகும், தலையணையாகும். அதே பஞ்சுக்கு இசையரங்கின் சுவரிலும் வேலை உண்டு.

காலியான கல்யாண மண்டபத்தில் கைதட்டினால், தட்டல் நின்ற பின்னும் முழக்கம் அடங்காது. கூட்டம் நிரம்பியதும் அடங்கிவிடும். உடலும் உடையும் சத்தத்தை விழுங்குகின்றன.

இதைக் கணக்காக்கியவர் வாலஸ் சபைன். 1895-ல் ஹார்வர்டின் புதிய விரிவுரை அறை ஒன்றில் முழக்கம் ஐந்தரை விநாடி நீடித்தது, பேச்சு விளங்கவில்லை. ஊர் உறங்கிய பின் சபைன் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிவிடும்.

கிடைத்த விதி எளிது: அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, சத்தத்தை விழுங்கும் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம். பரப்புக்கு அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன சத்தம் திரும்பாது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கின் துணையோடு எழுந்தது.

20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரமுள்ள மண்டபத்தில் முழக்கம் 4 விநாடி என்றால், விழுங்கும் பரப்பு 48 சதுர மீட்டர். 1.2 விநாடியாக்க 160 வேண்டும். குறையும் 112-ஐ இலவம்பஞ்சு அடைத்த பலகைகள் தர வேண்டும்.

சத்தம் என்பது காற்றின் அதிர்வு. இழைகளின் சிக்கலுக்குள் அந்தக் காற்று உரசி உரசி, அதிர்வு மெல்லிய வெப்பமாகிறது. இலவ இழை உள்ளே காற்றடைத்த மெல்லிய குழல். அதனால் எடையும் குறைவு.

மரச்சட்டத்தில் பஞ்சைத் தளர்வாக வைத்தால் சத்தம் ஊடுருவி, சுவரில் பட்டுத் திரும்பும். இறுகத் திணித்தால் பலகையே திருப்பிவிடும். பஞ்சு அடியில் இறங்காமல் மெத்தைபோல் தையல் போட வேண்டும். சட்டெனத் தீப்பற்றும் பஞ்சு என்பதால் தீத்தடுப்பு மருந்தும் அவசியம். போர்த்தும் துணியில் வாய்வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் வர வேண்டும். சுவரை ஒட்டிய காற்று அசையாது. ஆகவே பலகையைச் சற்று இடைவெளி விட்டு மாட்டுவார்கள்.

100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், இரண்டு அங்குலப் பஞ்சு அதற்குப் பொருட்டல்ல. மிருதங்கத்தின் தொப்பி எழுப்பும் இதுபோன்ற தாழ்ந்த முழக்கத்தை அடக்க, உள்ளே காற்று இடைவெளி விட்ட மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வேண்டும்.

முழுக்க விழுங்கினாலும் தவறு. வீணையின் கார்வை செத்துவிடும். மெத்தை தைப்பவர் கையால் அழுத்திப் பார்த்துப் பஞ்சைக் கூட்டுவார், குறைப்பார். அரங்கு அமைப்பவர் அதையே காதால் செய்கிறார்.