கொங்குச் சிவத்தலங்கள் – 5: சேற்றில் இறங்கிய பட்டீசர்

கோயம்புத்தூரிலிருந்து சிறுவாணி சாலையில் மேற்கே சென்றால் சில கிலோமீட்டரில் பேரூர். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து வரும் நொய்யல், ஊரை ஒட்டி ஓடுகிறது. புராணம் அதைக் காஞ்சிமாநதி என்கிறது. ஆடிப்பெருக்கன்று அதன் படித்துறையில் கால்வைக்க இடமிருக்காது.

படைப்புத் தொழில் கைகூட வேண்டி காமதேனு இங்கே தவமிருந்ததாம். துள்ளி விளையாடிய அதன் கன்று பட்டியின் குளம்பு, புற்றுக்குள் இருந்த லிங்கத்தின் முடியில் பதிந்துவிட்டது. தாய்ப்பசு பதறியது. வெளிப்பட்ட ஈசன் கோபிக்கவில்லை. அந்தத் தழும்பை அணிகலனாக ஏற்றுக்கொண்டார். பட்டீசுவரர் ஆனது அப்படித்தான்.

பேரூருக்கு ஐந்து அதிசயம் சொல்வார்கள். இறவாத பனை, பிறவாத புளி, புழுக்காத சாணம், ஆற்றில் இட்ட எலும்பு கல்லாவது, இங்கே உயிர் விடுவோரின் வலக்காது மேல்நோக்கி இருப்பது. முளைக்காத விதையுடைய அந்தப் புளியமரத்தைத் தேடிப் பார்க்காத பக்தர்கள் குறைவு.

ஆனால் பேரூருக்கே உரிய கதை வயலில் நடக்கிறது.

ஈசனின் தோழரான சுந்தரர் வருகிறார். தோழர் வந்தால் பொன் கேட்பார். கொடுக்கக் கையில் ஒன்றுமில்லை. ஈசனும் பச்சைநாயகியும் பள்ளன், பள்ளி வேடம் பூண்டு நாற்று நடப் போய்விட்டார்கள். "சுந்தரன் கேட்டால் சொல்லிவிடாதே" என்று நந்திக்குக் கட்டளை. கோயிலில் தோழரைக் காணாமல் சுந்தரர் தவித்தபோது நந்திக்கு மனம் பொறுக்கவில்லை. கண்ணாலேயே வயல் பக்கம் காட்டிவிட்டது. சேற்றில் நின்றவரைச் சுந்தரர் கண்டுகொண்டார். சினந்த ஈசன் மண்வெட்டியால் அடித்ததில் நந்தியின் நாடி உடைந்தது என்கிறது தலக்கதை. பிறகு சுந்தரருக்குத் தில்லைக் கூத்தை இங்கேயே ஆடிக் காட்டினாராம். அதனால் பேரூரை மேலைச் சிதம்பரம் என்கிறார்கள். தில்லையில் பாடிய பதிகம் ஒன்றில் சுந்தரர் இந்தப் பேரூர்ப் பெருமானைக் குறிப்பிட்டிருக்கிறார்.

மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்தபோது ஈசன் தனியாக வந்த கூலியாள். பேரூரில் மனைவியோடு சேர்ந்து குனிந்து நாற்று நடுகிறார். 18ஆம் நூற்றாண்டில் பேரூர்ப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர், இதற்கென்றே பள்ளுப் படலம் என ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்.

படலத்தோடு கதை நின்றுவிடவில்லை. ஒவ்வோர் ஆனி மாதமும் நாற்று நடவு விழா நடக்கிறது. சுவாமியும் அம்பாளும் வயலுக்கு எழுந்தருள, நாற்று நடப்படுகிறது. தேவேந்திரகுல வேளாளர் மக்கள் இந்த விழாவில் உரிமையோடு முன்னிற்கிறார்கள். உழைப்பவரின் கோலத்தைக் கடவுள் ஏற்றார் என்பதை ஆண்டுதோறும் சேற்றில் நின்று சொல்லும் விழா இது.

கோயிலுக்குள் 17ஆம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய கனகசபை மண்டபம் இருக்கிறது. ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையை உரித்த மூர்த்தி எனத் தூணுக்குத் தூண் பேருருவங்கள். விதானத்தில் கல்லிலேயே செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. இவற்றைப் பார்க்க அயலூரிலிருந்தும் கூட்டம் வருகிறது.

அந்தக் கூட்டத்தில் பாதியாவது ஆனியில் வயல் வரப்புக்கும் வர வேண்டும். நொய்யல் பாய்ந்த நிலங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. மண்டபத்தைக் காக்கும் அக்கறையோடு, ஈசன் நாற்று நட்ட மண்ணையும் ஆற்றுநீரையும் காப்பது கோவை மக்களின் கடமை.

(அடுத்த வாரம்: முதலை உண்ட பாலகனைச் சுந்தரர் மீட்ட அவிநாசி)