ஊழலுக்கெல்லாம் 'கேட்': ஒரு கட்டடம் தந்த பின்னொட்டு

புது தில்லி: தலைநகர் தில்லியில் 'கேட்'களுக்குப் பஞ்சமில்லை. அஜ்மீரி கேட், துர்க்மான் கேட் ஆகியவை முகலாயர் கால நகர வாயில்கள். இந்தியா கேட், போரில் உயிர்நீத்த வீரர்களின் நினைவுச் சின்னம். ஆனால், ஆங்கிலச் செய்தித் தலைப்புகளில் அடிக்கடி தென்படும் 'கேட்' வேறு. ஊழலையும் சர்ச்சையையும் குறிக்கும் பின்னொட்டு அது.

வாஷிங்டனில் போடோமாக் ஆற்றங்கரையில் உள்ள கட்டடத் தொகுதியின் பெயர் வாட்டர்கேட். அங்கிருந்த ஜனநாயகக் கட்சியின் தலைமை அலுவலகத்துக்குள் 1972 ஜூன் 17-ம் தேதி அத்துமீறி நுழைந்த 5 பேர் பிடிபட்டனர். உண்மையை மூடி மறைக்க நடந்த முயற்சிகள் அம்பலமானதால், அதிபர் ரிச்சர்ட் நிக்ஸன் 1974 ஆகஸ்ட் 9-ம் தேதி பதவி விலகினார்.

கட்டடத்தின் பெயரில் ஊழல் என்ற பொருள் ஏதும் இல்லை. ஆயினும் அதன் பிற்பாதி தனியே பிரிந்து பின்னொட்டாயிற்று. அமெரிக்க நகைச்சுவை இதழான 'நேஷனல் லாம்பூன்' 1973-லேயே ஒரு கற்பனை ஊழலுக்கு 'வோல்காகேட்' என்று பெயரிட்டது.

இப்பின்னொட்டைப் பரப்பியதில் பெரும்பங்கு வில்லியம் சஃபயருக்கு உண்டு. நிக்ஸனின் உரைகளை எழுதித் தந்த அவர், பின்னர் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழின் பத்தி எழுத்தாளரானார். சிறிதும் பெரிதுமான பல சர்ச்சைகளுக்கு அவர் 'கேட்' சேர்த்தார். இதன் மூலம் தமது முன்னாள் தலைவரின் குற்றங்களைச் சிறிதாகக் காட்ட மனத்தளவில் முயன்றிருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொண்டதாக எழுத்தாளர் எரிக் ஆல்டர்மன் பதிவு செய்துள்ளார்.

அந்த நோக்கம் நிறைவேறியது என்றே சொல்ல வேண்டும். ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற விவகாரம் 1986-ல் 'ஈரான்கேட்' ஆனது. சட்டைப் பையில் வைத்த ஐபோன் வளைந்த புகார் 2014-ல் 'பெண்ட்கேட்' ஆனது. ஃபோக்ஸ்வேகன் கார்களின் புகைச் சோதனை மோசடி 2015-ல் 'டீசல்கேட்' ஆனது. அரசியல் குற்றம், கைப்பேசிக் குறைபாடு, தொழில் மோசடி மூன்றுக்கும் ஒரே முத்திரை.

இந்தியாவுக்கும் இது வந்து சேர்ந்தது. 2008 சிட்னி டெஸ்ட் போட்டியில் ஹர்பஜன் சிங் மீது எழுந்த இனவெறிப் புகார் 'மங்கிகேட்' எனப்பட்டது. மேல்முறையீட்டில் அவர் மீதான தடை நீக்கப்பட்டது. நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீட்டால் தனியாருக்கு ரூ.1.86 லட்சம் கோடி ஆதாயம் என 2012-ல் தணிக்கைத் துறை மதிப்பிட்டபோது, ஆங்கில ஊடகங்கள் அதற்குச் சூட்டிய பெயர் 'கோல்கேட்'. பற்பசையை நினைவூட்டும் சிலேடை அது.

1987-ல் வெடித்த பீரங்கி பேர விவகாரத்தை நாடு 'போஃபர்ஸ்' என்றே அழைத்தது. பெயரைக் கேட்டதுமே எந்த நிறுவனம் என்பது புரிந்தது. 'கேட்' அவ்வாறு எதையும் சொல்வதில்லை. 2014 செப்டம்பரில் 214 சுரங்க ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அத்தனை பெரிய முறைகேட்டுக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயரோ, படிப்பவரை முதலில் சிரிக்க வைக்கிறது.