பைப் ரிஞ்சும் பச்சை ஒயரும்

இராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் இன்றைக்கும் வாளியால் மொண்டுதான் தலையில் ஊற்றுகிறார்கள். ஆனால் ரயிலை விட்டு இறங்கி லாட்ஜுக்கு வரும் யாத்திரீகர் முதலில் கேட்பது வெந்நீர். முன்பு அதற்கு லாட்ஜின் பின்கட்டில் விறகடுப்பும் அண்டாவும் இருந்தன. அறைக்கு ஒரு வாளி. இப்போது அறைக்கு ஒரு கீசர், மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர், கீழே பிரஷர் பம்ப்.

அந்த நாளைய பிளம்பரின் சாக்கு மூட்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பைப் ரிஞ்சு, மரை போடும் டை, சணல், வெள்ளைக் காரீயம். ஜிஐ பைப்பை வைஸில் இறுக்கி, எண்ணெய் விட்டு விட்டு மரை போடுவார். மோட்டார் ஓடவில்லை என்றால், "அது கரண்டுக்காரர் சோலி, அவரைக் கூப்பிடுங்க" என்று விலகிக்கொள்வார். தண்ணீர் ஒருவருக்கு, கரண்ட் இன்னொருவருக்கு. பிரிவினை ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்தக் கோடு எங்கே அழிந்தது என்பதைப் பாம்பனில் எங்கள் வீட்டுக் குளியலறையிலேயே பார்த்தேன். உப்புக்காற்றில் இற்றுப்போன ஜிஐ பைப்பைக் கழற்றிவிட்டு பிவிசி போட்டோம். பழைய பைப்பில் ஒரு கிளாம்பும் அதில் முறுக்கிய பச்சை ஒயரும் இருந்தன. பைப்பே போனபின் ஒயர் எதற்கு என்று பிளம்பர் அதைச் சுருட்டிச் சுவரோரம் வைத்தார். எங்களுக்கும் தெரியவில்லை. மண்ணுக்குள் ஓடிய அந்த இரும்புக் குழாய்தான் அத்தனை வருஷமும் எங்கள் வீட்டின் எர்த்.

சில மாதம் கழித்து ஷவர் குழாயைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக் அடித்தது. கீசருக்குள் காயிலின் மேல் உப்பு ஏடாகப் படிந்து, உறை வெடித்து, கரண்ட் கசிந்திருந்தது. எர்த் இருந்திருந்தால் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்ச் இருந்திருந்தால் நொடியில் சப்ளை நின்றிருக்கும். இரண்டும் இல்லை. அம்மா பிழைத்தது நாங்கள் செய்த புண்ணியம். அந்த பிளம்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பச்சை ஒயர் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவே இல்லையே!

இங்கிலாந்தில் 2005 ஜனவரியில் 'பார்ட் பி' என்று கட்டட விதியில் ஒரு பகுதி வந்தது. வீட்டு மின்வேலை அதன் கண்காணிப்புக்குள் வந்ததும், ஹீட்டிங், பிளம்பிங் வேலைக்காரர்கள் தங்கள் தொழிலோடு ஒட்டிய அளவு மின்வேலையைக் குறுகிய காலத்தில் கற்றுச் சான்று பெற வழி செய்தார்கள். முழு எலக்ட்ரீசியன் ஆகவேண்டியதில்லை. தொடுவதைத் தெரிந்து தொட்டால் போதும்.

நம்மிடம் ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஓராண்டு, எலக்ட்ரீசியன் படிப்பு இரண்டாண்டு. பதினெட்டு வயதுப் பையனுக்குச் சரி. நாற்பது வயதில், தினக்கூலியை விட்டுவிட்டு யார் போய் உட்கார முடியும்? அவர்களுக்கென்றே ஒரு பழைய கதவு திறந்திருக்கிறது: மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு. ஒயரிங் வேலையில் ஐந்து வருஷ அனுபவமும் 21 வயதும் வேண்டும். மேல் வயது வரம்பு கிடையாது. விண்ணப்பம், தேர்வு எல்லாம் அரசு ஐடிஐகள் வழியாகத்தான். தொழிலாளர்களுக்கான மாலை நேர மின்கம்பியாள் வகுப்பு முடித்தவர்களும் எழுதலாம். ஆனால் 'ஒயரிங் அனுபவம்' என்ற சொல்லில் பிளம்பர் இடறுகிறார். கீசர் மாட்டியும் சப்மெர்சிபிள் இறக்கியும் பழகிய கைக்கு அங்கே கணக்கில்லை. இராமேஸ்வரத்திலிருந்து பரமக்குடி ஐடிஐக்குப் போக ஏறக்குறைய 90 கிலோமீட்டர். வேலை முடித்துவிட்டு மாலை வகுப்புக்குப் போகிற தூரமா அது? தீவுக்குள்ளேயே பிளம்பர்களுக்கென்று ஒரு வகுப்பு, வாரம் இரண்டு மாலை, மூன்று மாதம் நடத்தினால் போதும் என்பது என் எண்ணம். 2 கிலோவாட் கீசர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும், அதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகக் கூடாது. கடற்கரை மணலில் எர்த் பைப் எப்படி அரிக்கும், காய்ந்த மணலில் எர்த் ஏன் பிடிக்காது: இவ்வளவு தெரிந்தாலே பாதி ஆபத்து விலகும்.

எங்கள் பிளம்பர் இப்போது தெரிந்த ஒயர்மேன் ஒருவரோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப்போய்ப் பழகுகிறார். டை கிட் மூட்டையின் அடியில் கிடக்கிறது; மேலே மல்டிமீட்டர். போன மாதம் பக்கத்து வீட்டில் ஜிஐ பைப்பை அறுக்கப் போனவர், கிளாம்பைப் பார்த்ததும் ரம்பத்தைக் கீழே வைத்தார். "அக்கா, இந்தப் பச்சை ஒயர் எங்க போகுதுன்னு பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் மெயினை ஆஃப் பண்ணி வைங்க."